கேம் ஓடாத மெசின்

"நவாஸ், இதுக்குள்ள கேம் ஓடாத மெசின் எது?"

டொக்யார்ட் வீதிப் பக்கத்தில் ஒரு கணினிக் கடையில், கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று நான் கேட்ட கேள்வி இது. ஏழெட்டு வருடம் இருக்கும். வெளியே மாரி மழை. கடைக்குள் புது பிளாஸ்டிக் மணமும் நனைந்த குடைகளின் மணமும் கலந்து கிடந்தன.

நவாஸ் கிண்ணியாக்காரர், என் வயதுதான். நகரத்தில் கணினி விற்பதும் திருத்துவதும் அவருடைய தொழில். கையிலிருந்த பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கேம் நன்றாக ஓடும் மெசினைக் கேட்டு வருகிறவர்களைத்தான் அவர் அதுவரை கண்டிருந்தார்.

"மேக் எடுங்க சேர்," என்றார். "கேம் செய்யிற ஆக்கள் விண்டோசுக்குத்தான் செய்வாங்க. மேக்கில முக்கால்வாசி ஓடாது."

அதையே வாங்கினேன். மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உப்புவெளி வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

மகள் யாழினிக்கு அப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தால் கணினி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எந்தக் கணினி என்று அவள் சொல்லவில்லை. எதற்கு என்று மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: கேம் விளையாட வேண்டும், பிறகு கேம் செய்யப் பழக வேண்டும்.

பெட்டியைத் திறந்தவள் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நல்லாயிருக்கு அப்பா" என்றாள். கடையில் இருந்ததிலேயே திறமானதை அப்பா தூக்கி வந்துவிட்டார் என்று வீட்டில் ஒரே பெருமை. அந்தப் பெருமையை நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. கடையில் கேட்ட கேள்வியைப் பற்றி மனைவி சுகந்தியிடம்கூட வாய்திறக்கவில்லை.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இதுவரை ஊராரின் கோணல்களையெல்லாம் எழுதிச் சிரித்திருக்கிறேன். இந்த வாரம் என்னுடையது.

கரம் பலகை

விளையாட்டு என்றால் எனக்கு ஏன் அத்தனை பயம் என்று நீங்கள் கேட்கலாம். வேறு யாரும் காரணமில்லை, நான்தான் காரணம்.

நான் உயர்தரப் பரீட்சை எடுத்த வருடம், ஓர்ஸ் ஹில்லில் ஒரு சிநேகிதன் வீட்டு விறாந்தையில் கரம் பலகை ஒன்று இருந்தது. மா தூவிய பலகையில் காய் வழுக்கிப் போய் மூலைக் குழிக்குள் விழும் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ரியூசனுக்கு என்று கொப்பியோடு புறப்படுவேன். கொப்பி சிநேகிதன் வீட்டுக் கதிரையில் கிடக்கும். நான் பலகைக்கு முன்னால் இருப்பேன்.

பல்கலைக்கழகம் கைநழுவிப் போனது. வீட்டில் ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கத்திவிட்டு மறந்திருப்பேன். பெறுபேற்றுத் தாளை அப்பா மடித்து அலுமாரிக்குள் வைத்தது மட்டும் மனதிலே தங்கிவிட்டது.

பிறகு சிங்களம் முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரானேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், பொலிஸ் முறைப்பாடு என்று நாளும் பொழுதும் அடுத்தவர்களின் தாள்கள். எனக்குப் பிடித்த தொழில்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் என் மகள் அந்தப் பலகைக்கு முன்னால் போய் இருக்கக்கூடாது என்ற பிடிவாதம் உள்ளே இருந்தது.

கரம் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளும் தன் பக்கத்துக் கதையைச் சொல்லியிருப்பாள். நான் அவளோடு கதைக்காமல் கடைக்குப் போனேன்.

இடியப்பத் தட்டு

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் அவளுடைய அறையிலிருந்து வாள் மோதுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குசினியில் காணாமல்போன இடியப்பத் தட்டுகள் நான்கும் மேசையில் கவிழ்ந்து கிடந்தன. அவற்றின் மேல் மேக். பக்கத்தில் மேசை விசிறி, மெசினின் வயிற்றைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. திரையில் யாரோ குதிரையில் போனார்கள்.

பயந்து எழும்பி நின்றவள், நான் கேட்காமலே விளக்கம் சொன்னாள். மெசினின் உள்ளிடத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விண்டோசைப் போட்டிருக்கிறாளாம். மேக்குக்கு என்று வராத கேம்கள் அந்தப் பாதியில் ஓடுமாம். மெசின் கொதிப்பதால்தான் தட்டும் விசிறியுமாம். எங்கே படித்தாய் என்று கேட்டேன். இணையத்தில் ஆட்கள் எழுதி வைத்ததை ஒவ்வொன்றாக வாசித்து, மூன்று தரம் எல்லாம் அழிந்து, நாலாம் தரம் சரிவந்ததாகச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. "தட்டுகளைக் கழுவி வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் படித்தாள், விளையாடினாள், இரண்டையும் செய்தாள். மெல்பேர்ணுக்குப் படிக்கப் போகும்போது மேக்கை எனக்கு விட்டுப்போனாள். விண்டோஸ் பாதியை அழித்து, என் வேலைக்கு இடம் வேண்டுமென்று முழுவதையும் ஒன்றாக்கித் தந்திருந்தாள். அன்றுமுதல் ஊராரின் காணி உறுதிகள் எல்லாம் அந்த மெசினுக்குள்தான் இருக்கின்றன.

பார்க்காமல் போட்ட கையொப்பம்

யாழினியும் அங்கே அவளோடு படித்த இருவரும் சேர்ந்து ஒரு கேம் செய்து முடித்தார்கள். அதற்குப் பெயர் "பாதை". எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன் அதுதான் வழி. மூதூர் நீதிமன்றத்தில் வேலை இருந்த நாட்களில் சின்னப் பிள்ளையாக அவளையும் கூட்டிக்கொண்டு அதில் போயிருக்கிறேன். அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கேமை எனக்கு அனுப்பியிருந்தாள். அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். இந்த வகைக் கோப்பை இந்தக் கணினி திறக்காது என்று மேக் மரியாதையாகச் சொன்னது.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் அழைப்பாள். அந்த ஞாயிறு முதல் கேள்வியே, "விளையாடிப் பாத்தீங்களோ அப்பா?"

"ஓம் பிள்ளை, விளையாடினன். நல்லாயிருக்கு," என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாதையில் யாரை முதலில் ஏற்றினீர்கள் என்று அவள் கேட்டாள். லைன் வெட்டுகிறது என்று சொல்லித் தொலைபேசியைச் சுகந்தியிடம் கொடுத்தேன்.

என் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூலத்தைக் கையில் வைத்துப் பார்க்காமல் "சரியான மொழிபெயர்ப்பு" என்று கையொப்பம் போடக்கூடாது. போட்டோப் பிரதியோடு மூதூரிலிருந்து வெயிலில் வந்தவர்களைக்கூட, மூலத்தை எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் பெற்ற பிள்ளையின் முதல் வேலையைத் திறந்தும் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வருமுன் அதை விளையாடிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

இடையில் நிற்கிறவன்

மேக்கைத் தூக்கிக்கொண்டு நவாஸிடம் போனேன். விஷயத்தைக் கேட்டவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நீங்க கேட்டதைத்தானே சேர் தந்தனான்," என்றார். "மெசின்ல ஒரு குறையும் இல்ல."

கடையில் விண்டோஸ் மெசின்கள் ஆறு கிடக்கின்றன, வந்திருந்து விளையாடுங்கள் என்றும் சொன்னார். நல்ல யோசனை. ஒரு கதிரையை இழுத்து இருந்தும் பார்த்தேன். கேம் திறக்குமுன்னே கையை எடுத்துவிட்டேன். பதினாறு வயதில் அவள் அந்த மேக்கோடு என்ன பாடுபட்டாள் என்று நானும் பட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. நவாஸிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இந்தக் கதிரை முதுகுக்குச் சரிவராது என்றேன்.

அவள் செய்ததுபோல மெசினை இரண்டாகப் பிரிக்கலாம் என்றார். உள்ளே ஊராரின் காணி உறுதிகள் இருக்கின்றன, கத்தி வைக்கக்கூடாது என்றேன். மேக்குக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி அதற்குள் விண்டோசை இருத்திப் பார்த்தார். மெசின் கேத்தில்போல இரைந்து நின்றுவிட்டது. கடைசியில் இன்னொரு வழி இருக்கிறது என்றார்.

அது ஓர் இலவச மென்பொருள். அதில் விண்டோசே கிடையாது. கேம் தனக்கு வேண்டியதை விண்டோசிடம் கேட்பதுபோலவே கேட்கும். இந்த மென்பொருள் இடையில் நின்று, அதே கேள்வியை மேக்குக்கு விளங்கும் விதமாகக் கேட்டு, பதிலை வாங்கி, கேமுக்கு விளங்கும் விதமாகத் திருப்பிக் கொடுக்கும். தான் இன்னொரு வீட்டில் இருக்கிறோம் என்று கேமுக்குத் தெரியவே தெரியாது.

நவாஸ் இதை விளக்கியபோது எனக்குப் பெரிய சந்தோஷம். முப்பது வருடமாக நான் செய்கிற வேலையல்லவா அது. நீதவானுக்குத் தமிழ் தெரியாது, சாட்சிக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நான்.

நடுவில் நிற்கிறவன் எல்லாவற்றையும் கடத்திவிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். தம்பலகாமத்து விவசாயி ஒருவர் யானை அழித்த வயலுக்கு நட்டஈடு கேட்க என்னிடம் வந்திருந்தார். அரை மணிநேரம் கதைத்தார். விளைந்த கதிருக்குள் யானை நின்ற விதம், தன்னைக் கண்டதும் தின்றதை நிறுத்திவிட்டுப் பார்த்த பார்வை, அந்த நேரம் தனக்குக் கோபம் வராமல் பாவமாக இருந்தது என்றெல்லாம் சொன்னார். படிவத்தில் மூன்று வரிக்குத்தான் இடம். எத்தனை ஏக்கர், எந்தத் திகதி என்று எழுதிக் கொடுத்தேன். நட்டஈடு கிடைத்தது. ஆனால் அவர் சொல்ல வந்தது அந்தத் தாளில் இல்லை.

வெற்றுப் பெட்டிகள்

இரண்டு நாள் நவாஸ் அதோடு மல்லுக்கட்டினார். முதல்நாள் கறுப்புத் திரை மட்டும். மறுநாள் சத்தம் வந்தது, படம் இல்லை. எங்கள் வீட்டு இடியப்பத் தட்டுகளைக் கொண்டுபோய் நானே மெசினுக்குக் கீழே வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம், அவர் பள்ளிவாசலால் வந்து மறுபடி அழுத்தியபோது, திரையில் நீர் விரிந்தது.

நீல நீர். இக்கரையில் ஆட்கள், சைக்கிள்கள், ஓர் உழவு இயந்திரம். நடுவில் பாதை. நான் அதன் ஓட்டி.

ஆட்டம் இலகுவானது. கரையில் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் தாம் ஏன் அக்கரை போகவேண்டும் என்று சொல்வார்கள். எல்லாரையும் ஏற்ற இடமில்லை. கேட்டுவிட்டு, யாரை முதலில் ஏற்றுவது என்று நாம் முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர்கள் கதைத்தார்கள். கதைத்தது முழுவதும் வெற்றுப் பெட்டிகளாக வந்தது. இடையில் நின்ற மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சின்னச் சதுரம். ஒரு பெண் என்னைப் பார்த்து நாலு வரி நிறையச் சதுரங்களைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றாள்.

ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்றார் நவாஸ். வேண்டாம் என்றேன். யாழினி தமிழில் எழுதியிருக்கிறாள், எனக்கு அதுதான் வேண்டும். குத்துமதிப்பாக உழவு இயந்திரத்தை ஏற்றினேன். அந்தப் பெண் கரையில் நின்றாள். அக்கரை போனதும், தோற்றுவிட்டதாகத் திரை சிவந்தது. மறுபடி விளையாடினேன். பொதியோடு நின்ற ஆளை ஏற்றினேன். மறுபடி சிவப்பு.

ஒன்பது தரம் தோற்றேன். ஒன்பதாம் தரம் மெசினை மூடிவிட்டு இருந்தேன். பதினாறு வயதில் தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு பிள்ளை என் முன்னால் நின்று தெளிவாகச் சொன்னது. நான் கேட்காமல் எனக்குச் சரியென்று பட்டதை ஏற்றிக்கொண்டு போனேன். நவாஸ் ஒன்றும் விளங்காமல், பிளேன்ரீ குடிப்போமா சேர் என்றார்.

சொன்னது

ஞாயிறு வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே அழைத்தேன். நான் அழைத்ததே அவளுக்கு ஆச்சரியம், அம்மாவுக்கு ஏதும் சுகமில்லையா என்று கேட்டாள்.

"பிள்ளை, நான் உன்ர கேம் விளையாடேல்லை," என்றேன். "பொய் சொன்னனான்."

அவள் சிரித்தாள். மேக்கில் ஓடாதென்று செய்தவளுக்குத் தெரியாதா என்றாள். கேம் அனுப்பிய பிறகுதான் அது நினைவு வந்ததாம், நான் என்ன சொல்கிறேன் பார்ப்போம் என்று வேண்டுமென்றே கேட்டாளாம். அதோடு நின்றிருந்தால் எவ்வளவு நல்லது. அவள் அடுத்த கதைக்குப் போனாள். வேலைக்கு நேர்முகம் போன இடங்களில் எல்லாம் அந்த மேக்கைப் பற்றித்தான் சொல்வாளாம். கணினி பற்றி ஒன்றும் தெரியாத அப்பா, ஆசையில் உள்ளதிலே திறமானதை வாங்கித் தந்தார், கேம் ஓடாதென்று அவருக்குப் பாவம் தெரியாது, அவர் மனம் நோகக்கூடாதென்று நானே ஓடவைக்கப் பழகினேன் என்று. கேட்கிறவர்களுக்கு அந்த அப்பாவைப் பிடித்துப்போகுமாம்.

அந்த அப்பாவாகவே நான் இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

"தெரியாமல் இல்லை யாழி," என்றேன். "கேம் ஓடாத மெசின் எது எண்டு கேட்டுத்தான் வாங்கினனான்."

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி அப்பா, வைக்கிறேன் என்றாள்.

குசினி வாசலில் நின்று சுகந்தி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். போய் வெங்காயம் உரித்து முடித்தாள்.

"அந்தப் பெட்டியைத் திறந்த அண்டைக்கு, நீங்கள் குளிக்கப் போன பிறகு அவள் என்னட்ட வந்து அழுதவள்," என்றாள் பிறகு. "அப்பாட்டச் சொல்ல வேண்டாம், அவர் ஆசையா வாங்கி வந்தவர் எண்டு சொன்னவள்."

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. சுகந்தியோடு இடையில் கதைத்தாள், என்னைக் கேட்கவில்லை. ஓர்ஸ் ஹில்லிலுள்ள என் கந்தோருக்குச் சைக்கிளில் போவேன், உறுதிகளை மொழிபெயர்ப்பேன், வருவேன். உள்ளதைச் சொல்லி ஒரு பிள்ளையை நோகடித்துவிட்டேனே, பேசாமல் இருந்திருக்கலாமே என்று ஒருநாள் தோன்றும். மறுநாள், இல்லை, அவள் ஊர் ஊராகப் போய் என் பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாளே என்று தோன்றும்.

மூன்றாவது வாரம் ஒரு கோப்பு வந்தது. கூடவே இரண்டு வரி. சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"உங்கட மேக்குக்கு எண்டு தனியா செய்தது. இனி விளையாடாமல் நல்லாயிருக்கு எண்டு சொல்ல ஏலாது."

அழுத்தினேன். இடையில் யாரும் நிற்காமல் நேரே திறந்தது. இக்கரை, ஆட்கள், உழவு இயந்திரம். அந்தப் பெண் கதைத்தாள். இப்போது எழுத்துகள் வந்தன. அக்கரை ஆஸ்பத்திரியில் தன் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருப்பதாகவும், கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுபோவதாகவும், அது ஆறுமுன் போய்ச் சேரவேண்டும் என்றும் சொன்னாள். இவளையா ஒன்பது தரம் கரையில் விட்டேன் என்று எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

இரண்டு நாள் விளையாடினேன். நாலாம் கட்டத்துக்கு மேல் போக முடியவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு எழுதினேன். மன்னிப்பு என்று இரண்டு தரம் எழுதி இரண்டு தரம் அழித்தேன். கடைசியில் பார்த்ததை மட்டும் எழுதி அனுப்பினேன்:

"நாலாம் கட்டத்தில நிக்கிறன். கஷ்டமா இருக்கு. கிழவன் சொல்லுற கதை நீளம் கூட, பாதை போகவேண்டிய நேரம் போயிடுது. மழை பெய்யுது, ஆனா தண்ணி நீலமாக் கிடக்கு. மாரியில எங்கட தண்ணி கலங்கி மண் நிறத்திலயெல்லோ இருக்கும். அது எனக்குப் பிடிக்கேல்லை."

அனுப்பியபின்தான் பயம் வந்தது. ஏற்கெனவே கோபத்தில் இருக்கிற பிள்ளைக்குக் குறை எழுதி அனுப்பியிருக்கிறேன். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மூதூர்க் காணி உறுதி ஒன்றை எடுத்தேன். இரண்டு வரி முடியுமுன் தொலைபேசி அதிர்ந்தது.

"ஓம் அப்பா," என்று எழுதியிருந்தாள். "இப்பதான் விளையாடியிருக்கிறீங்கள்."